மதுரையில் ஒரு வாரம்: எங்கே என்று கேட்பதற்கு முன்

மதுரைக்கு வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், வண்டியூர்த் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில், இப்போது புதிதாகக் கீழடி. விடுதியில் கேட்டாலும் ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் இதே ஏழுதான் வரும்; வரிசை மட்டும் மாறும். பட்டியலில் குற்றம் இல்லை. அதைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் முடித்துவிடப் பார்ப்பதில்தான் குற்றம். இந்த ஊரின் நல்ல நேரம் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் இருக்கிறது. இடைப்பட்ட பொழுதில் கோயில்களின் நடை சாத்தியிருக்கும், பாறைகள் சுடும், நல்ல சாப்பாட்டுக் கடைகளில் பாதி இன்னும் அடுப்பு மூட்டியிருக்காது. ஆகவே வரும் வாரத்துக்கு முதலில் பொழுதைப் பங்கிடுங்கள், பிறகு கிழமையைப் பாருங்கள், இடத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்.

இது ஊர்மேல் வெளியிலிருந்து ஏற்றிச் சொல்லும் யோசனை அல்ல. ஊரே அப்படித்தான் அமைந்திருக்கிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதிகள், அடுத்த சுற்றில் ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில். மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று ஊரில் சொல்வார்கள். அரசாட்சிக்கே இங்கே தவணை உண்டு. சித்திரையில் பட்டம் சூடும் மீனாட்சி நான்கு மாதம் ஆள்கிறாள். ஆவணியில் பட்டம் சூடும் சொக்கநாதர் மற்ற எட்டு மாதம் ஆள்கிறார். எந்தச் சன்னிதி எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த வேளையில் அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் உள்ளூர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலையே எடுத்துக்கொள்வோம். சாதாரண நாள்களில் காலை ஐந்து மணிக்கு நடை திறந்து பகல் பன்னிரண்டரைக்குச் சாத்துகிறார்கள். மாலை நான்கு மணிக்குத் திறந்து இரவு பத்து மணி வாக்கில் மூடுகிறார்கள். மார்கழியில் திறப்பு இன்னும் முந்திவிடும். இனி, விடுதியில் ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்துப் புறப்படும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கைப்பேசிகளைக் காப்பறையில் கொடுத்துச் சீட்டு வாங்கி, சோதனை கடந்து, அம்மன் சன்னிதி வரிசையில் நின்று, சுவாமி சன்னிதிக்கு வரும்போது பதினொன்றரை ஆகியிருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன என்ற தகவலைத் தெரிந்துகொள்வார்கள். அந்தத் தூண்களைப் பார்க்க நேரம் இருக்காது. வெள்ளியம்பலத்தில் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார், மற்ற ஊர்களில் இடக்கால் என்பதைக் கவனிக்கும் முன்பே காவலர் வெளியே போகச் சொல்லிவிடுவார். மதியம் ஒரு மணிக்கு வெயிலில் செருப்புக் காப்பகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். திருப்பரங்குன்றத்தில் அப்போது நடை சாத்தியிருக்கும். கூடலழகர் பெருமாள் கோயிலிலும் அப்படியே. ஏழு இடம் என்று கிளம்பிய நாளில் உருப்படியாகப் பார்ப்பது இரண்டு.

இந்தக் கோயிலுக்கு இரண்டு முறை போக வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேளையில். காலை ஐந்தரை, ஆறு மணிக்கு உள்ளே போனால் தரிசனம் விரைவாக முடியும். பொற்றாமரைக் குளப் படிகளில் உட்கார இடம் இருக்கும். இன்னொரு முறை இரவு எட்டரைக்கு மேல். ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து, மேளம் முழங்க, அம்மன் சன்னிதியில் உள்ள பள்ளியறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். நாள்தோறும் நடக்கும் இந்தப் பள்ளியறைப் பூசைக்குத் தனித் திருவிழா தேதி தேவையில்லை, பட்டியல்களில் அது இடம்பெறுவதும் அரிது. என் மதிப்பில், மதுரையில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். கைப்பேசி பற்றி ஒரு சொல்: 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு நீதிமன்ற உத்தரவின்படி கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை உண்டு. அதை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தால், ஒரு வரிசையும் மிச்சம், திரும்பும்போது அதே வாசலைத் தேடி மதிலைச் சுற்றும் அலைச்சலும் மிச்சம்.

அதிகாலையைக் கோயிலுக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் அதுவே பொழுது, ஏனென்றால் அவை மரமில்லாத வெறும் பாறை. மேற்கே நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலைக்கு ஆறு மணிக்குப் போய்விட்டால், கீழே தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் பார்த்துவிட்டு, வெட்டிய படிகளில் பேச்சிப்பள்ளம் வரை ஏறி, தீர்த்தங்கரர் உருவங்களையும் அவற்றின் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் நிதானமாகப் பார்த்து, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடலாம். மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் செட்டிப்புடவுக்கு அதிகம் ஏற வேண்டியதில்லை. முதியவர்களுக்கு அது போதும். ஊரின் வடகிழக்கே யானைமலை அடிவாரத்தில் நரசிங்கத்தில் உள்ள குடைவரை 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கியது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஆண்டு தெளிவாகத் தெரிந்த குடைவரைகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பதால், அளவில் சிறியதானாலும் இது முக்கியமானது. அருகிலேயே லாடன் கோயில் என்ற முருகன் குடைவரையும் இருக்கிறது. இந்தப் பாறைகளில் பத்து மணிக்கு ஏறத் தொடங்குகிறவர் பாதி வழியில் திரும்பிவிடுவார். மழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், பாறை வழுக்கும். அப்போது அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையும் விடியலுக்கு உரியதுதான். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்துக் காலையிலேயே சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள்; அன்று மாலை தலையில் விரிய வேண்டிய பூ அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்குக் கோடைதான் வரத்து மிகும் காலம். மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும். அந்த நாளில் ஏலக் குரல்களில் சூடு கூடுதலாக இருக்கும். ஒன்பது மணிக்குப் போனால் ஈரச் சாக்கும் சருகும்தான் மிச்சம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்து வருகிறவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாரையும் எழுப்பிக் குளிக்கவைத்துக் கிளப்ப முடியுமா? ஏழு நாளும் முடியாது, வேண்டவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு விடியல் போதும், ஒன்று கோயிலுக்கு, ஒன்று குன்றுக்கு. மீதி நாள்களில் தாமதமாக எழுந்து மாலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உண்மையில் முதியவர்களுக்கு அதிக வருத்தம் தருவது காலை எழுவது அல்ல, உச்சி வெயிலில் வெறுங்காலோடு கல்தளத்தில் நடப்பது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது.

அப்படியானால் பகல் முழுவதும் விடுதி அறையில் கிடப்பதா என்று அடுத்த கேள்வி வரும். பகலுக்கென்று கூரைக்கு அடியில் நல்ல இடங்கள் உண்டு. முதல் இடம் கீழடி. ஊரிலிருந்து தென்கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர், ராமேசுவரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள். 2014இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பின்னர் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்த அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்காகச் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. உறைகிணற்று வளையங்கள், கீறல் குறியீடுகளும் தமிழி எழுத்தும் உள்ள பானை ஓடுகள், சூதுபவள மணிகள், தாயக்கட்டை, நூல் நூற்கும் தக்களி என்று பார்க்க இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். கிடைத்த கரிமக் காலக்கணிப்புகளில் ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறது. பகல் பதினொரு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பலாம். குழிகளில் வேலை நடப்பதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அகழாய்வு பருவம் பார்த்தே நடக்கும், மழைக் காலத்தில் குழிகளை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சுற்றுலாப் பட்டியலில் நூலகமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குளிரூட்டிய பெரிய கட்டடம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, நுழைவுக் கட்டணம் இல்லை. ஏப்ரல் மாதப் பிற்பகலில் இதைவிட நல்ல இடத்தை எட்டு வயதுப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு இந்த ஊரில் யாரும் காட்டிவிட முடியாது. மூன்றாவது, திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியதாகச் சொல்லப்படும் அரண்மனையில் இன்று நிற்பது கால் பங்குதான்; ஆனாலும் அந்தத் தூண்களின் பருமனும் உயரமும் பகல் வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் பிடிபடும். மாலை ஒலி-ஒளிக் காட்சி சிலப்பதிகாரக் கதையைச் சொல்கிறது. அது நடக்கிறதா என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். நடக்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை, கட்டடத்துக்கு அந்த விளக்குகள் அவசியமே இல்லை.

பொழுது போதும், கிழமைக்கு வருவோம். வாரத்தில் ஒரே ஒரு நாளை நீங்கள் தவறாமல் யோசித்துத் திட்டமிட வேண்டும் என்றால் அது வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை. தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் அதில் சேரும். அதே நாளில் அம்மன் கோயில்களில் கூட்டம் இரட்டிப்பாகும். செவ்வாயும் அப்படித்தான், சற்றுக் குறைவாக. எனவே வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்வது எளிது, பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் உள்ள ஊஞ்சல் மண்டபத்தில் மீனாட்சி சுந்தரேசுவரர் பொன் திருமேனிகளை வைத்து ஊஞ்சலாட்டுவது வெள்ளி மாலையில்தான். வேறு கிழமையில் அந்த மண்டபம் வெறும் மண்டபம். வெள்ளிக் காலையில் கோயிலுக்குப் போகாமல், ஆட்டுச் சந்தை கூடும் திருமங்கலத்துக்கு விடியலில் போய் வரலாம், பகலில் தூங்கலாம், மாலையில் கூட்டத்தோடு கூட்டமாக ஊஞ்சலைப் பார்க்கலாம். சன்னிதிக்குள் போகும் வரிசையில் அன்று நிற்க வேண்டாம், தரிசனத்தைத் திங்கள் அல்லது புதன் விடியலுக்கு வைத்துக்கொண்டால் வெள்ளிக் கூட்டம் உங்களைத் தொந்தரவு செய்யாது.

காந்தி அருங்காட்சியகத்தை எந்த நாளில் வைப்பது என்பதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது இது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த ஆடை இங்கே இருக்கிறது. ஆனால் மதுரைக்கும் காந்திக்கும் உள்ள உறவு அந்தக் கண்ணாடிப் பெட்டியோடு முடிவதில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதி வீட்டில். அங்கே இப்போது கதர் விற்பனை நிலையம் இயங்குகிறது. ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடும்வரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைவதில்லை என்றிருந்த அவர், 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்த பிறகு, 1946இல்தான் உள்ளே போனார். அதனால் பகலில் அருங்காட்சியகம், மாலை ஐந்துக்கு மேல் மேலமாசி வீதி, இரவு கோயில் என்று ஒரே நாளில் இந்த மூன்றையும் கோத்தால், தனித்தனியாகப் பார்ப்பதைவிடப் பொருள் கூடும். வெள்ளி தவிர எந்த நாளானாலும் சரி.

அழகர்கோயிலுக்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள். வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சம். விடியலில் புறப்பட்டு நேரே மலைமேல் ராக்காயி அம்மன் கோயிலுக்கும் நூபுரகங்கைக்கும் போய், இறங்கும் வழியில் பழமுதிர்சோலை, பிறகு பத்தரை மணியளவில் கீழே கள்ளழகர், வெளியே வரும்போது மூடிய கதவுக்கே பூசை நடக்கும் பதினெட்டாம்படிக் கருப்பசாமி என்று வந்தால், நடை சாத்துவதற்குள் எல்லாம் முடியும். கீழே தொடங்கி மேலே போகிறவர்கள் நண்பகலில் சிக்கிக்கொள்கிறார்கள். பிரசாதக் கடையில் விற்கும் கனமான நெய்த் தோசையை வாங்காமல் வர வேண்டாம். பையைக் குரங்குக்குக் காட்டவும் வேண்டாம். சொந்த வண்டி உள்ளவர்கள் இன்னொரு காலையில் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. தமிழி கல்வெட்டும், இலகுலீசர் சிற்பம் உள்ள குடைவரையும், பாறை இடுக்குகளில் கூடு கட்டும் வல்லூறுகளும் அங்கே உண்டு. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை எதிர்த்து மக்கள் போராடி 2025 ஜனவரியில் ரத்து செய்யவைத்ததும் இந்தப் பகுதிக்காகத்தான். கடை கண்ணி அதிகம் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டுக்கும் கடைப் பெயரைவிட மணிதான் முக்கியம். ஜிகர்தண்டா பிற்பகலுக்கு, விளக்குத்தூண் பக்கம் பாலும் கடல்பாசியும் நன்னாரியும் சேர்த்துக் கொடுப்பதை இரவில் குடித்தால் அதன் பயனே இல்லை. பருத்திப்பால் தள்ளுவண்டிகள் மாலையில் வரும். கறி தோசை, கொத்து பரோட்டா, பன் பரோட்டா எல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல் கல் நன்றாகச் சூடேறிய பிறகு. மதியம் இரண்டு மணிக்கு இவற்றைத் தேடிப் போய், மதுரைச் சாப்பாடு அப்படியொன்றும் இல்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியறைப் பூசை முடிந்து வெளியே வரும்போதுதான் இந்தக் கடைகள் களைகட்டியிருக்கும் என்பது, இரவு வேளையைக் கோயிலுக்கு ஒதுக்குவதற்கு இன்னொரு நல்ல காரணம்.

இத்தனை கணக்கு எதற்கு, திருவிழா வாரத்தில் வந்தால் எல்லாம் ஒன்றாகக் கிடைக்குமே என்பது வலுவான மறுப்பு. திருக்கல்யாணம், அடுத்த நாள் தேர், சித்திரை முழுநிலவில் வைகையில் அழகர் இறங்குவது. தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் சல்லிக்கட்டு. தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம். இவற்றுக்கு நிகரான காட்சி சாதாரண வாரத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த நாள்களில் திருவிழாவைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியாது. சாலைகளை மறித்திருப்பார்கள், விடுதி வாடகை ஏறியிருக்கும், சன்னிதிக்குள் நுழைவதே பெரும்பாடு. திருவிழாவுக்கு வருகிறவர் திருவிழாவுக்கென்றே வரட்டும். ஊரைப் பார்க்க வருகிறவர் நாள்காட்டியில் ஒன்றும் குறிக்காத வாரத்தைத் தேர்ந்துகொள்வதே நல்லது. கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலை போய்வரும் பக்தர்கள் கூட்டம் எல்லா நாளும் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எனக்கு ஒரு வாரம் இல்லை, இரண்டே நாள்தான் என்கிறவருக்கு இந்த முறை இன்னும் அவசியம். அவர் பட்டியலைப் பாதியாக்க வேண்டும்: முதல் நாள் மாலை தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, இரவு பள்ளியறை; மறுநாள் விடியலில் சமணர் மலை, பகலில் கீழடி, மாலை திருப்பரங்குன்றம். அழகர்கோயிலை விட்டுவிடுவதில் வருத்தம் இருக்கும், ஆனால் பார்த்த நான்கைந்தும் அவற்றுக்குரிய நேரத்தில் பார்த்தவையாக இருக்கும். நகருக்குள் போக ஆட்டோவும் நகரப் பேருந்தும் போதும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அழகர்கோயில், திருப்பரங்குன்றம் பேருந்துகள் பெரியார் நிலையத்திலிருந்தே கிடைக்கும். குன்றுகளுக்கு மட்டும் விடியலில் வண்டி பேசிக்கொள்வது நல்லது.

ஊருக்குத் திரும்பச் சீட்டுப் பதியும்போது ஒன்றைப் பாருங்கள். சென்னைக்குப் போகும் பாண்டியன் விரைவு ரயில் மதுரையில் புறப்படுவது இரவு ஒன்பது மணி வாக்கில், பல்லக்கு பள்ளியறைக்குக் கிளம்பும் அதே வேளையில். பள்ளியறைப் பூசையைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.